சக்சஸ் ஃபார் ஆல்: வாங்கும் முன் பள்ளி பார்க்க வேண்டியவை

வாசிப்பில் தடுமாறும் பிள்ளையை முதல் வகுப்பிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது வந்தபிறகு துரத்தி ஓடிப் பயனில்லை. 2021-இல் மறைந்த கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் பிடித்த பிடி இதுதான். அவரும் நான்சி மேடனும் 1987-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆரம்பித்த வாசிப்புத் திட்டம்தான் சக்சஸ் ஃபார் ஆல். பாடநூல், ஆசிரியர் பயிற்சி, மேற்பார்வை எல்லாம் சேர்த்துப் பள்ளிகள் காசு கொடுத்து வாங்குகின்றன.

தினமும் 90 நிமிடம் வாசிப்பு. அந்த நேரத்தில் வகுப்புப் பிரிவு கலைந்துவிடும். வாசிப்பு நிலை ஒன்றாக இருந்தால் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் உட்காரும். அதனால் பள்ளி முழுக்க ஒரே மணிக்குத் தொடங்கியாக வேண்டும். சுமார் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்துக் குழுவை மாற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் தற்காலிகக் கீழ்க்குழுவே பிள்ளையின் நிரந்தர முத்திரையாகிவிடும்.

உயிர்நாடி தனி டியூஷன்தான். பின்தங்கியவர்களுக்கு, முதல் வகுப்புக்கு முன்னுரிமை கொடுத்து, தினம் 20 நிமிடம், ஒரு பிள்ளைக்கு ஒரு டியூட்டர் என்பதே இதன் மூல வடிவம். ஆசிரியர் லீவு போட்ட வகுப்பைப் பார்த்துக்கொள்ள டியூட்டரை அனுப்ப ஆரம்பித்தால் முதலில் போவது இந்த 20 நிமிடம். திட்டத்தைப் பள்ளியில் நடத்த முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவர் உண்டு; அவரை ஆபீஸ் வேலைக்கு இழுத்தால் ஆசிரியர்களுக்குக் கைகொடுக்க ஆள் இருக்காது. குடும்பங்களோடு பேசும் குழுவும் உண்டு: அடிக்கடி வராத பிள்ளை, கண்ணாடி தேவைப்படும் பிள்ளை எல்லாம் இந்தக் குழுவின் பொறுப்பு. பலகையே மங்கலாகத் தெரியும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

பலன் உண்மையானது, ஆனால் எல்லை உண்டு. குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து நடத்திய மூன்றாண்டு ஆய்வு 2007-இல் வந்தது. சொல் வாசிப்பிலும் புரிதலிலும் முன்னேற்றம் காட்டியது. 2015-இல் வந்த பெரிய ஆய்வில் எழுத்தை ஒலியாக மாற்றி வாசிப்பதில் முன்னேற்றம் தெளிவு. புரிதலில் சராசரியாக வித்தியாசம் இல்லை. மிகவும் பின்தங்கிச் சேர்ந்த பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் நன்மை. அந்தப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம்.

பாடம் நிமிடக் கணக்கில் வகுத்திருப்பதால் அனுபவசாலி ஆசிரியருக்குக் கை கட்டியதுபோல் இருக்கும். அதற்காகவே சேரும் முன் ரகசிய வாக்கெடுப்பில் மிகப் பெரும்பாலான ஆசிரியர்களின் சம்மதம் கேட்கிறார்கள். தலைமையாசிரியர் அழுத்தி வாங்கிய சம்மதம் நிலைக்காது. டியூட்டர் சம்பளத்துக்கு மூன்று வருடப் பணம் கையில் இல்லாத பள்ளி, இப்போதைக்கு வாங்காமல் இருப்பதே நல்லது.