புளோரன்ஸில் திங்கள்கிழமைக்கு 'கலையும் உணவும்' டூர் விற்றால் வாங்காதீர்கள்

இத்தாலி போகத் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புளோரன்ஸில் 'சிறு குழு, கலையும் உணவும்' என்று விற்கப்படும் ஒரு டூருக்குத் தலைக்கு 119 யூரோ வீதம் மூன்று பேருக்குக் கட்டினோம். மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை, உஃபிஸி ஓவியக் கூடம், மெர்காட்டோ சென்ட்ராலே சந்தையில் டஸ்கனி (புளோரன்ஸ் இருக்கும் மாநிலம்) உணவு, சைவம் உண்டு, 8 பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்றெல்லாம் விளம்பரத்தில் இருந்தது. சொன்னதில் ஒன்றுகூட நடக்கவில்லை. நடத்தியவர்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரே டூர் பல பெயர்களில் விற்கப்படுகிறது, அதனால் பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதக் கையை வரையக் கற்றுக்கொடுக்கும்போதெல்லாம் டேவிட்டின் வலது கையைத்தான் கரும்பலகையில் போடுவார். உடம்போடு ஒப்பிட்டால் அந்தக் கை பெரியது, புறங்கையில் நரம்பு புடைத்து நிற்கும், சும்மா தொங்கும் கையில் இவ்வளவு விறைப்பு எப்படி வந்தது பாருங்கள் என்பார். அவர் ஐரோப்பா வந்ததில் அவராகக் கேட்டது அந்தச் சிலை ஒன்றைத்தான். அதற்காகத்தான் மலிவாகக் கிடைத்த பெரிய குழு டூர்களை விட்டுவிட்டு, விலை கூடினாலும் பரவாயில்லை என்று சிறு குழுவாகப் பார்த்துப் போட்டேன்.

எங்களுக்குக் கிடைத்த நாள் திங்கள்கிழமை. காலண்டரில் அந்த நாள் பச்சையாக இருந்தது, தேர்ந்தெடுத்ததும் பணத்தை வாங்கிக்கொண்டார்கள், உறுதிச் சீட்டும் உடனே வந்தது. உஃபிஸியும் டேவிட் இருக்கும் அக்காடெமியா அருங்காட்சியகமும் வழக்கமாகத் திங்கள்கிழமை மூடியிருக்கும். அந்த ஊரில் டூர் நடத்தும் யாருக்கும் இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்தேதான் விற்கிறார்கள். முந்தின நாள் ராத்திரி ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'நிர்வாகக் காரணங்களால்' காலை 10 மணி டூர் மதியம் 2.30-க்கு மாற்றப்பட்டுள்ளது. ரத்து செய்யும் கெடு அதற்குள் முடிந்திருந்தது.

சேரச் சொன்ன இடத்தில் 23 பேர் நின்றுகொண்டிருந்தோம். கைடு கையில் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் பெயர் வாசித்தார். அதாவது மூன்று இடத்தில் 8 பேர், 7 பேர் என்று தனித்தனியாக விற்றுவிட்டு, எல்லாரையும் ஒரே ஆளிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எங்களைப் போலவே ஒரு டச்சுத் தம்பதி 8 பேர் என்று எழுதியிருந்த சீட்டைக் காட்டிக் கேட்டார்கள். "ஒவ்வொரு குழுவிலும் 8 பேர்தான்" என்று பதில் வந்தது. இத்தனை பேருக்குக் காதில் மாட்டும் கருவி கொடுப்பார்கள், அதுவும் இல்லை. பின்னால் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கைடு நேராக பியாஸ்ஸா தெல்லா சிஞ்ஞோரியா சதுக்கத்துக்குக் கூட்டிப்போனார். பலாஸ்ஸோ வெக்கியோ என்ற பழைய அரண்மனையின் வாசலில் நிற்கும் சிலையைக் காட்டி, "இதோ மைக்கலாஞ்சலோவின் டேவிட், படம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம்" என்றார்.

அப்பா படம் எடுக்கவில்லை. கிட்டே போய் முழங்கால், இடுப்பு என்று மேலே பார்த்துக்கொண்டே வந்தார். மழை வழிந்த கறை சலவைக்கல்லில் கோடு கோடாக இருந்தது. திரும்பி என்னிடம், "இது நகல்தானேம்மா? அசல் உள்ளே அல்லவா இருக்கணும்? எப்பப் போறோம்னு கேளு" என்றார். அவர் சொன்னதுதான் சரி. 1504-ல் மைக்கலாஞ்சலோ முடித்த அசல் சிலையை அந்த வாசலில்தான் வைத்தார்கள். வெயிலிலும் மழையிலும் கெடுகிறது என்று 1873-ல் அக்காடெமியாவுக்கு எடுத்துப்போனார்கள். இப்போது வெளியே நிற்பது 1910-ல் வைத்த நகல். நான் கைடிடம் கேட்டேன். "இரண்டும் ஒன்றுதான், அளவுகூட ஒன்றுதான்" என்றார். உள்ளே எப்போது போவோம் என்றதற்கு, "இன்று விடுமுறை, உங்கள் திட்டத்தில் டேவிட்டைப் 'பார்ப்பது' என்றுதானே இருக்கிறது" என்றார். சீட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தார்கள். 'அக்காடெமியா', 'நுழைவுச் சீட்டு' என்ற சொற்கள் எங்கேயும் இல்லை. ஆனால் மேலே போட்டிருந்த படம் அக்காடெமியாவின் கூடத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிற்கும் அசல் சிலை.

உஃபிஸியும் இதே கதைதான். இரண்டு சிறகுகளுக்கு நடுவே நீண்ட முற்றம் ஒன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் நடக்கலாம். அதன் தூண்களில் தாந்தே, கலிலியோ, லியனார்டோ போன்றவர்களின் 19-ஆம் நூற்றாண்டுச் சிலைகள் இருக்கின்றன. அங்கே எங்களை நிறுத்தி, உள்ளே போட்டிச்செல்லியின் 'வீனஸின் பிறப்பு' ஓவியம் இருக்கிறது என்று கைபேசியில் படத்தைக் காட்டினார். அதோடு உஃபிஸி முடிந்தது.

இதைவிட எனக்கு ஆத்திரமூட்டியது ஒன்று உண்டு. சதுக்கத்தின் ஓரத்திலேயே லோஜியா தெய் லான்ஸி என்ற திறந்த மண்டபம் இருக்கிறது. அங்கே மெதூசா என்ற அரக்கியின் தலையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் சிலை, சிற்பி செல்லினி வெண்கலத்தில் செய்த அசல்தான். 1554-ல் அங்கே வைத்தது, திங்கள்கிழமையும் பார்க்கலாம், கட்டணமும் கிடையாது. அந்த ஒரு மண்டபத்தில் அரை மணி நேரம் நின்று பேசியிருந்தால்கூட அப்பாவுக்கு ஓரளவு திருப்தியாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் கைடு திரும்பவே இல்லை. அப்பா தானாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குழு நகர்ந்துவிட்டது என்று நான் ஓடிப்போய் அழைத்துவர வேண்டியதாயிற்று.

ஏன் அவ்வளவு அவசரம் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. இத்தாலியில் சுற்றுலா கைடு வேலைக்கு அரசு உரிமம் வேண்டும். 2023-ல் வந்த 190-ஆம் எண் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு, ஒரே பதிவேடு என்று ஆக்கியது. உரிமம் உள்ளவர்கள் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் கைடின் கழுத்தில் ஒன்றும் இல்லை. நகராட்சிப் போலீஸ் இருவர் சதுக்கத்தில் நடந்து வந்தபோது பேச்சை நிறுத்தி, தூக்கிப் பிடித்திருந்த குடையை மடக்கிவிட்டார். அவர்கள் தாண்டிப் போனதும் மறுபடி ஆரம்பித்தார். உரிமம் இருக்கிறதா என்று டச்சுக்காரர் நேரடியாகக் கேட்டதற்கு, "நான் குழுவோடு கூட வருபவன், கைடு அல்ல" என்றார்.

அப்புறம் உணவு. மெர்காட்டோ சென்ட்ராலே 1874-ல் திறந்த இரும்பும் கண்ணாடியுமான அழகான சந்தை. கீழ்த்தளத்தில்தான் உள்ளூர்க்காரர்கள் வாங்கும் காய்கறி, பாலாடைக்கட்டி, இறைச்சிக் கடைகள். அவை காலையில் திறந்து மதியத்தோடு மூடிவிடும். நாங்கள் போனது நாலரை மணிக்கு, வரிசையாக ஷட்டர் இறங்கியிருந்தது. மேல்தளத்தில் 2014-லிருந்து இயங்கும் உணவுக்கூடம் ராத்திரி வரை திறந்திருக்கும், அங்கேயும் எங்களைக் கூட்டிப்போகவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்குள் கூட்டிப்போனார். டஸ்கனி உணவு என்றது அங்கேதான்.

நின்றபடியே ஆளுக்கு ஒரு காகிதத் தட்டு. அதில் இரண்டு துண்டு சலாமி, பன்றித் தொடை இறைச்சி ஒரு சீவல், ஒரு துண்டு சீஸ், ரொட்டி. அம்மா சுத்த சைவம், புக் செய்யும்போதே குறிப்பிட்டு, மின்னஞ்சலிலும் உறுதி வாங்கியிருந்தேன். அதைக் காட்டினேன். கடைக்காரர் அதே தட்டிலிருந்து இறைச்சியை இடுக்கியால் எடுத்துவிட்டு, மிச்சத்தை அம்மாவிடம் நீட்டினார். சீஸில் இறைச்சியின் எண்ணெய் படிந்திருந்தது. அம்மா வாங்கவில்லை. "எனக்குப் பசிக்கலைடி, விடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். காலையில் குடித்த காபியும் இரண்டு பிஸ்கட்டும்தான் அவர் வயிற்றில் இருந்தன.

டஸ்கனியில் சைவம் கிடைக்காது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். தக்காளியும் பழைய ரொட்டியும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் பாப்பா அல் பொமொதோரோ, வெள்ளரி வெங்காயத்தோடு ரொட்டியை ஊறவைத்துப் பிசையும் பன்ஸனெல்லா, வெள்ளை பீன்ஸும் கருங்கீரையும் போட்ட ரிபொல்லிட்டா எல்லாம் அந்த ஊர் ஏழைகளின் சாப்பாடு, சாதாரண உணவகங்களிலேயே கிடைக்கும். ரிபொல்லிட்டாவில் மட்டும் சில இடங்களில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். பார்மிஜானோ போன்ற சீஸ்களில் பாலைத் திரிய வைக்க, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேருகிறது என்பதும் சைவர்கள் அறிந்திருக்க வேண்டிய விஷயம். இதையெல்லாம் சொல்லத்தானே உணவு டூருக்குக் காசு கொடுக்கிறோம்?

தட்டு முடிந்ததும் வியாபாரம் தொடங்கியது. 25 வருடம் ஊறிய பல்சாமிக் வினிகர் என்று பிளாஸ்டிக் கரண்டியில் ஒரு சொட்டு நக்கக் கொடுத்து, 250 மில்லி பாட்டிலை 45 யூரோவுக்கு நீட்டினார்கள். லேபிளில் பொடி எழுத்தில் ஐ.ஜி.பி (புவிசார் குறியீட்டு முத்திரை) என்று இருந்தது. மோடெனா நகரத்தின் உண்மையான பாரம்பரிய பல்சாமிக்கில் டி.ஓ.பி (அதைவிடக் கண்டிப்பான முத்திரை) என்று இருக்கும், 100 மில்லி கொள்ளும் ஒரே வடிவக் குண்டு பாட்டிலில் மட்டும்தான் வரும், குறைந்தது 12 வருடம், 'எக்ஸ்ட்ராவெக்கியோ' என்றால் 25 வருடம். ஐ.ஜி.பி வகைக்குக் குறைந்தபட்சம் 60 நாள் போதும். எங்கள் குழுவில் நான்கைந்து பேர் வாங்கினார்கள். கடைசியில் கொடுத்த ஜெலாட்டோவும் (இத்தாலிய ஐஸ்கிரீம்) பளீரென்ற பச்சைப் பிஸ்தா. நல்ல பிஸ்தா ஜெலாட்டோ மங்கிய பழுப்புப் பச்சையாக இருக்கும், கடையில் மலைபோலக் குவித்தும் வைத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் விடிகாலையில் எங்களுக்கு விமானம். அப்பா அசல் டேவிட்டைப் பார்க்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஆரம்பித்தது அடுத்த அலைச்சல். புக்கிங் தளம், "நாங்கள் இடைத்தரகர்தான், நடத்துநரைக் கேளுங்கள்" என்றது. நடத்துநர், "சேவை வழங்கப்பட்டது, டேவிட்டும் உஃபிஸியும் காட்டப்பட்டன" என்று எழுதினார். பிறகு நல்லெண்ணமாக 20 சதவீதம் தருகிறோம் என்றார்கள், நான் ஏற்கவில்லை. கட்டும் முன்பே விளம்பரப் பக்கத்தை முழுவதுமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். சைவ உறுதி மின்னஞ்சல், நேரம் மாற்றிய குறுஞ்செய்தி, 23 பேர் நிற்கும் படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கிரெடிட் கார்டு வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேட்டேன்.

போகிறவர்கள் அருங்காட்சியகச் சீட்டை அவற்றின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே வாங்குங்கள். நாங்கள் போனபோது உஃபிஸிக்கு 25 யூரோ, முன்பதிவுக்கு 4 யூரோ, அவ்வளவுதான். 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று விற்பவர்களும் பாதுகாப்புச் சோதனை வரிசையைத் தாண்டவைக்க முடியாது. கைடு வேண்டுமென்றால், எந்த அருங்காட்சியகத்துக்குள், எத்தனை மணிக்கு, உரிமம் பெற்ற எவர் கூட்டிப்போவார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். இந்தச் சீட்டு வியாபாரத்தின் அளவு சின்னதல்ல. ரோமில் கொலோசியம் சீட்டுகள் சாதாரண மக்களுக்குக் கிடைக்காமல் போன விவகாரத்தில், இத்தாலியின் போட்டி ஆணையம் (நியாயமற்ற வியாபாரத்தைத் தடுக்கும் அமைப்பு) 2025 ஏப்ரலில் ஏழு நிறுவனங்களுக்குச் சேர்த்துக் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது.

வங்கி எங்களுக்கு முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. அந்த டூர் அதே படத்தோடு இன்னமும் விற்பனையில் இருக்கிறது, திங்கள்கிழமையைத் தேர்ந்தெடுத்தால் இப்போதும் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.