என்.ஏ.டி. 3020-உம் புதிய டி வகுப்பு ஆம்பிளிஃபயரும்: நெடுநாள் கேட்டபின்

எரிக் எட்வர்ட்சென் வடிவமைத்த என்.ஏ.டி. 3020 என்ற ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர் வெளிவந்தது 1978-இல். திறன், சேனலுக்கு 20 வாட்தான். என் மேசையில் அதன் பக்கத்திலேயே டிபிஏ3255 சிப் வைத்த சிறிய டி வகுப்பு ஆம்பிளிஃபயர் (மின்சாரத்தை அதிவேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி வேலை செய்யும் வகை) ஒன்றும் இருக்கிறது. ஒரே ஜோடி ஸ்பீக்கரில் இரண்டையும் மாற்றி மாற்றி வெகுகாலமாகக் கேட்டுவருகிறேன்.

பழையதில் மந்திரம் எதுவும் இல்லை. பேஸ், ட்ரெபிள் குமிழ்களை நடுவில் நிறுத்தி, இரண்டிலும் ஒலி அளவைச் சமமாக்கி, மிதமான சத்தத்தில் கேட்டால் எது எதுவென்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நிசப்தத்தில் மட்டும் புதியது தெளிவாக முந்துகிறது. தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் அருகே காதை வைத்தால் 3020-இல் மெல்லிய இரைச்சல் கேட்கும். புதியதில் அதுகூட இல்லை.

ஆனால் இரவில் நான் கேட்பது 3020-ஐத்தான். வீட்டில் எல்லோரும் தூங்கியபின் ஒலியைக் குறைத்தால், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் தாழ்ந்த நாதம்தான் முதலில் காணாமல்போகும். சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகள் நம் காதுக்கு எட்டுவது இன்னும் வேகமாகக் குறைகிறது. இதை ஃப்ளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். 3020-இன் முன்பக்கத்தில், இந்தக் குறையை ஈடுகட்டத் தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிக்கொடுக்கும் லவுட்னஸ் பொத்தானை அழுத்தியதும் தொப்பியின் கும்கி மீண்டும் உருண்டு வருகிறது. பழைய ஆம்பிளிஃபயர்களின் இதமான ஒலி என்று பலர் புகழ்வதில் பாதி இந்தப் பொத்தானின் வேலை என்பது என் கணிப்பு. இன்றைய ஆம்பிளிஃபயர்கள் பலவற்றில் இதை எடுத்தேவிட்டார்கள். எனக்கு அது பெரிய குறை.

தவில் தனி ஆவர்த்தனத்துக்கு ஒலியைக் கூட்டும்போது 20 வாட் எல்லையைத் தொட்டாலும் 3020 சட்டென்று சிதறுவதில்லை. சாஃப்ட் கிளிப்பிங் என்ற வசதி அலையின் உச்சியை மெல்ல மழுக்கிவிடுகிறது. இசைத்தட்டுப் பிளேயரையும் இதில் நேரடியாகச் செருகலாம். புதியதற்கு, இசைத்தட்டுப் பிளேயரின் மெல்லிய சிக்னலை உயர்த்தித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் தனியாக வாங்கினேன்.

பராமரிப்புதான் பாடு. ஒரு சமயம் வலப்பக்கம் விட்டுவிட்டுக் கேட்டது. பின்புறத்தில் ப்ரீ அவுட் (முன்பகுதியிலிருந்து ஒலி வெளிவரும் இடம்), மெயின் இன் (திறன் பகுதிக்குள் ஒலி போகும் இடம்) சாக்கெட்டுகளை இணைக்கும் ப வடிவ உலோகத் துண்டுகள் கறுத்துப்போயிருந்தன. கழற்றித் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்துச் செருகியதும் ஒலி சீரானது. பவர் சப்ளையில் இருந்த பெரிய கெபாசிட்டர்களையும் மாற்ற வேண்டியிருந்தது. அவை எல்லாக் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பொருள்கள். சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடுவார். புதியதில் சிப் எரிந்தால் பெரும்பாலும் பலகையோடு தூக்கிப்போட வேண்டியதுதான். ஆனால் வெயில் காலத்தில் பகல் முழுவதும் ஓட விடுவதற்கு அதுவே ஏற்றது. மின்சாரத்தை வெப்பமாக வீணாக்குவது குறைவு என்பதால் தொட்டால் லேசான சூடுதான் இருக்கும்.

முதன்முறை வாங்குபவருக்கும் பழுது பார்க்க ஆள் கிடைக்காத ஊரில் இருப்பவருக்கும் புதியதையே பரிந்துரைப்பேன். 3020-தான் வேண்டும் என்றால், விலையோடு கெபாசிட்டர் மாற்றும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பாட்டு எதுவும் ஓடாத நிலையில், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டிசி (நேர்மின்) வோல்ட்டேஜ் அளவைப் பாருங்கள். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள்.