காசிமேட்டில் கோபோ டூல்பாக்ஸ்: கலப்பு முறை ஆய்வு செய்பவர்களுக்கு

பிஎச்.டி. முதல் வருஷம். கலப்பு முறை ஆய்வுதான் செய்யப்போகிறேன் என்று கைடிடம் சொல்லிவிட்டேன். சர்வேயும் இருக்கும், பேட்டியும் இருக்கும், ஆனால் இரண்டையும் எந்த இடத்தில் சேர்ப்பது என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. அதைப் புரியவைத்ததில், களத்தில் தரவு சேகரிக்க உதவும் கோபோ டூல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரில் படிவம் தயாரித்து, ஆண்ட்ராய்டு போனில் கோபோ கலெக்ட் ஆப்பில் இறக்கிக்கொண்டால் போதும். நெட் இல்லாமலே நிரப்பலாம், சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். கேள்விகளைத் தமிழிலேயே வைக்கலாம். முக்கியமான விஷயம், ஒரே படிவத்துக்குள் எண்ணும் வாங்கலாம், குரலும் பதிவு செய்யலாம். ஒருவர் சொன்ன தொகையும் அவர் பேசியதும் ஒரே பதிவில் இருக்கும். நோட்டில் சர்வே, தனி ரெக்கார்டரில் பேட்டி என்று போனால், எந்தக் குரல் எந்தப் படிவத்துக்கு உரியது என்று தேடியே நாள் போய்விடும்.

சரி, களத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் படிவத்தில் நாலாவது கேள்வி மாத வருமானம். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் ஒரு அக்கா, செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "மாசத்துக்குன்னா இன்னா சொல்றது கண்ணு? தடைக்கால மாசமா, சீசன் மாசமா?" என்று கேட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த நாட்களில் அவர் கணக்கே வேறு. நான் சர்வே முடித்து அப்புறம் பேட்டி என்று திட்டம் போட்டிருந்தேன். அன்றைக்கே அதைத் திருப்பிப் போட்டேன். முதலில் சிலரிடம் பேசி, அவர்கள் கணக்குப் பார்க்கும் விதத்திலிருந்து கேள்வி எழுதுவது. இப்போது படிவத்தில் "நேற்று ஏலத்தில் எவ்வளவுக்கு எடுத்தீர்கள், எவ்வளவுக்கு விற்றீர்கள்" என்று இருக்கிறது, தடைக்காலத்துக்குத் தனிக் கேள்வியும் உண்டு.

படிவத்தை மாற்றியதும் போனிலும் புதிதாக இறக்க மறக்காதீர்கள். நான் மறந்து, நாலு பேரிடம் பழைய கேள்வியையே கேட்டுவிட்டேன். அவர்களிடம் மறுபடி போய் நேரம் கேட்டது இன்னும் சங்கடமாக இருக்கிறது.

பேட்டியைக் கோடிங் செய்யவோ (அதாவது பேச்சைக் கருத்துவாரியாகப் பிரித்துக் குறியிடவோ), எண்ணையும் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அட்டவணை போடவோ இதை மட்டும் நம்பாதீர்கள், அது நம் வேலை. தரவை எக்செலில் இறக்கி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவர் சொன்னதை நானே எழுதுகிறேன். தொகை ஒன்று சொல்ல, பேச்சு வேறு சொல்லும் வரிகளுக்கு மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன், இப்போது என் ஆய்வே அந்த வரிகளில்தான் நிற்கிறது.

குரல் பதிவுக்கு முன் சம்மதம் கேளுங்கள். ஏலம் நடக்கும்போது பதிவு செய்தால் கூச்சல்தான் பதியும், கூடை காலியான பிறகு உட்கார்ந்து பேசுங்கள்.