முதலுதவிப் பயிற்சி: ஒருநாள் முகாமா, படிப்படியான வகுப்பா?

காரைக்குடியில் முதலுதவி கற்க எண்ணியபோது, ஒருநாள் முகாமை விடுத்து, வாரந்தோறும் மாலையில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

செலவிலும் நேரத்திலும் முகாமே மேல். ரத்தம் வழியும் காயத்தை அழுத்திப் பிடிக்கவும், இதயம் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவும், 108-ஐ அழைக்கவும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள்ளலாம். கடையை அடைக்க முடியாதவர்களுக்கு அதுவே பெரிது.

ஆனால் கற்றது கையில் தங்குகிறதா என்பதே என்னைப் பொறுத்தவரை முடிவான கேள்வி. மார்பை அழுத்தும் திறன், பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். படிப்படியான வகுப்பில் பழைய பாடம் தனியாக மறுபயிற்சி பெறுவதில்லை. புதிய பாடத்துக்குள்ளேயே அது திரும்ப வருகிறது. நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைச் சாய்த்து, மோவாயை உயர்த்தி மூச்சுப்பாதையைத் திறக்க முதலில் பழகுகிறோம். பின்னர் சாலை விபத்துப் பாடம் வரும்போது, திருச்சி–இராமேஸ்வரம் சாலையில் பைக்கிலிருந்து தூக்கியெறியப்பட்டவருக்குக் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால், தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்தள்ளக் கற்கிறோம். அப்படித் தள்ளியும் மூச்சுப்பாதை திறக்காவிட்டால், பழைய முறைக்கே திரும்ப வேண்டும், ஏனெனில் கழுத்தைவிட மூச்சு முந்தியது. இந்த முன்னுரிமை, முதற்பாடம் கைப்பழக்கமாகிவிட்டவருக்கே சட்டென்று விளங்கும்.

ஊருணிகள் நிறைந்த செட்டிநாட்டில் இன்னொரு பாடமும் முக்கியம். திடீரென மயங்கி விழுந்து இதயம் நின்றவருக்கு ரத்தத்தில் ஓரளவு ஆக்சிஜன் எஞ்சியிருப்பதால், மார்பை அழுத்துவதிலிருந்து தொடங்குகிறோம். நீரில் மூழ்கியவருக்கோ மூச்சு முட்டியதாலேயே இதயம் நிற்கிறது. அவருக்கு முதலில் மூச்சுக் கொடுக்க வேண்டும். முகாமில் வெறும் வரிசையை மனப்பாடம் செய்தவர், கரையில் நிற்கும் பதற்றத்தில் அதை மாற்றத் துணிவாரா என்பது ஐயமே.

இவற்றையெல்லாம் நான் பயிற்சிப் பொம்மைகள்மீதுதான் செய்து பார்த்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கான மேல்நிலைப் படிப்பில் சேர்ந்ததில்லை. அங்கும் இம்முறையே சிறந்தது என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. மாலை நேரம் வாய்க்காதவர்கள் முகாமுக்கே செல்லட்டும், ஆண்டுதோறும் மறுபடி செல்வதாக இருந்தால். வகுப்பில் சேர்வோர் பணம் கட்டுமுன், முதல் வாரத்துப் பொம்மை அடுத்தடுத்த வாரங்களிலும் தரைக்கு வருமா என்று பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.