மினியாபோலிஸ் குளிருக்கு யூனிக்லோ ஹீட்டெக்: எந்த ரகம், எத்தனை?

அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்பவர்களுக்கு, ஜப்பானிய நிறுவனமான யூனிக்லோவின் ஹீட்டெக் என்ற குளிர்கால உள்ளாடை நல்ல தேர்வு, ரகம் பார்த்து வாங்கினால். முக்கியமாக மூன்று ரகங்கள் உண்டு: சாதாரணம், அதைப்போல 1.5 மடங்கு வெப்பம் தரும் எக்ஸ்ட்ரா வார்ம், 2.25 மடங்கு தரும் அல்ட்ரா வார்ம். மடங்குக் கணக்கு நிறுவனம் சொல்வது.

ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி என்றதும் அல்ட்ரா வார்மையே அள்ளிவிடத் தோன்றும். வேண்டாம். வகுப்பறையில் ஹீட்டர் ஓடும். அரை மணி நேரத்தில் முதுகு வேர்க்கும். இந்தத் துணியில் ரேயான் கலந்திருக்கிறது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு வெளியே வந்தால் எலும்பு வரை குளிரும். மேலுக்குச் சாதாரண ரகமே போதும். அதன்மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை மேலாடை), காற்றுப் புகாத டவுன் ஜாக்கெட் (பறவையின் மென்னிறகு அடைத்தது). காலுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா வார்ம் எடுங்கள். ஜீன்ஸ் பருத்தி, குளிரைத் தாங்காது. எக்ஸ்ட்ரா வார்மின் உள்பக்கம் தடவிப் பாருங்கள், பூனைக்குட்டி முதுகு போல மெத்தென்று இருக்கும்.

உடம்போடு ஒட்டினால்தான் வேலை செய்யும். கையைத் தூக்கும்போது இடுப்பு தெரிந்தால் அளவு சிறியது. அக்குளில் மடிப்பு விழுந்தால் பெரியது.

வாரம் ஒருமுறை துவைப்பவர்களுக்கு மேலுக்கு நான்கு, காலுக்கு இரண்டு. வலைப்பையில் போட்டு, குளிர்ந்த நீரில் துவையுங்கள். டிரையரின் சூட்டில் இழுவை குறையலாம். நாற்காலி முதுகில் விரித்தாலே காய்ந்துவிடும்.

சைக்கிளில் போகிறவர்களுக்கு வேர்க்கும், அவர்கள் மெரினோ ஆட்டுக் கம்பளி உள்ளாடை வாங்குவது மேல். விலை கூடுதல்தான், ஆனால் நனைந்தாலும் சூடு விடாது, நாற்றமும் குறைவு.