டிவி ஸ்டிக்குக்குக் கீபோர்டு, மவுஸ்: புளூடூத் நல்லதா, டாங்கிள் நல்லதா?

பதினாறு எழுத்துக் கடவுச்சொல்லை டிவி ரிமோட்டின் அம்புக்குறிப் பொத்தான்களால் உள்ளிட்டுப் பார்த்தவர்களுக்குக் கீபோர்டின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துகள் அகரவரிசையில் ஒரே வரியாக நின்றால், 'எம்'மிலிருந்து 'ஏ'வுக்குப் போகவே பன்னிரண்டு முறை அழுத்த வேண்டும். விரல் ஒருமுறை கூடுதலாக அழுத்திவிட்டால் பக்கத்து எழுத்து விழும். திரையிலோ வெறும் புள்ளிகள்தான் தெரியும். எங்கே பிழை என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கம்பியில்லாக் கீபோர்டை, டிவியில் இணையவழிப் படங்களைக் காட்டும் ஸ்டிக், பெட்டி போன்ற ஸ்ட்ரீமிங் கருவியோடு சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புளூடூத். மற்றொன்று, கீபோர்டோடு வரும் நகத்தளவு யூஎஸ்பி டாங்கிள். எது சிறந்தது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்களிடம் இருக்கும் கருவி எது என்பதைத்தான். ஏனென்றால் பல நேரங்களில் கருவியே முடிவைச் சொல்லிவிடுகிறது. ஆப்பிள் டிவி 4கே பெட்டியில் யூஎஸ்பி துளை கிடையாது. அது புளூடூத் கீபோர்டை ஏற்கும், மவுஸை ஏற்காது. ரோக்குவில் இரண்டுக்கும் இடமில்லை, அதன் செல்போன் செயலியில் உள்ள கீபோர்டுதான் ஒரே வழி. ஃபயர் டிவி ஸ்டிக்கும் கூகுள் டிவி கருவிகளும் புளூடூத்தில் இரண்டையும் ஏற்கும். என்விடியா ஷீல்டு டிவி புரோவில் இரண்டு யூஎஸ்பி துளைகள், ஷாவ்மியின் மி பாக்ஸ் எஸ்ஸில் ஒன்று. அங்கே டாங்கிளைச் செருகினால் வேலை முடிந்தது.

புளூடூத்தின் பெரிய பலம், கருவியின் ஒரே துளையை அது கேட்பதில்லை. மின்சாரக் கம்பிக்கு மட்டுமே இடமுள்ள ஸ்டிக்குகளுக்கு இது பெரிய வரம். ஒரே கீபோர்டைப் பல கருவிகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்: லாஜிடெக் கே380 போன்றவற்றில் எஃப்1, எஃப்2, எஃப்3 விசைகள் மூன்று கருவிகளுக்கு மாறித்தரும். ஆனால் முதல்முறை இணைக்கும்போது பலர் ஓரிடத்தில் இடறுகிறார்கள். விசையை மூன்று நொடி அழுத்திப் பிடித்து, விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கியதும், டிவியின் அமைப்புகளில் புதிய புளூடூத் கருவியைச் சேர்க்கச் சொல்கிறோம். திரையில் ஆறு இலக்க எண் வருகிறது. அதைத் தட்டுவதற்குத் திரையில் ஒரு கட்டம் திறக்கும் என்று காத்திருந்தால் நேரம் முடிந்து இணைப்பு தோற்றுவிடும். கட்டம் எதுவும் வராது. எண் தெரிந்த உடனே கீபோர்டிலேயே அதைத் தட்டி என்டரை அழுத்திவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. சிறிது நேரம் தொடாமல் விட்டால் கீபோர்டு உறங்கிவிடும். எழுப்பும்போது முதல் எழுத்தை அது விழுங்கிவிடுவதால் கடவுச்சொல் பிழையாகும். முதலில் ஷிஃப்டை ஒருமுறை தட்டி எழுப்பிவிட்டுத் தட்டச்சு செய்வது என் பழக்கம்.

டாங்கிளுக்கு இந்தச் சடங்கு எதுவும் இல்லை. ஸ்ட்ரீமிங் கருவியின் கண்ணுக்கு அது சாதாரண யூஎஸ்பி கீபோர்டு. செருகிய நொடியிலிருந்து விசைகள் பேசும். 'இது 2.4 கிகாஹெர்ட்ஸ், அது புளூடூத்' என்று பெட்டிகளில் பிரித்து எழுதியிருப்பதால் இரண்டும் வெவ்வேறு அலைவரிசை என்று எண்ண வேண்டாம். இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகின்றன, பழைய வைஃபையும் அங்கேதான் இருக்கிறது. யூஎஸ்பி 3.0 துளைகளே அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகின்றன என்று 2012இல் இன்டெல் விளக்கமாக எழுதியது. டிவியின் முதுகில், யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் டாங்கிளைச் செருகிவிட்டு எழுத்துகள் விட்டுப்போகின்றன என்று கீபோர்டைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு முழ நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளை டிவியின் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று, 2016இல் வெளியான 'மவுஸ்ஜாக்' குறைபாடு. சில மவுஸ்கள் தகவலை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யாமல் அனுப்பியதால், வெளியாள் ஒருவர் தொலைவிலிருந்தே அவற்றின் டாங்கிளுக்குள் விசையழுத்தங்களைப் புகுத்த முடிந்தது. அதனால் மறையாக்கம் இருப்பதாக வெளிப்படையாகச் சொல்லும் டாங்கிளையே வாங்குங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் டாங்கிள் பக்கமே நிற்கிறேன். காரணம் ஒரே ஒரு மாலைப்பொழுது. பேட்டரி கசிந்து எங்கள் ஸ்டிக்கின் ரிமோட் செத்துப்போனது. அதே வாரத்தில்தான் ரவுட்டரையும் மாற்றியிருந்தோம். செல்போன் செயலியை ரிமோட்டாகப் பயன்படுத்தலாம் என்றால், செல்போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஸ்டிக்கோ பழைய வைஃபையைத் தேடிக்கொண்டிருந்தது. கையில் நல்ல புளூடூத் கீபோர்டு இருந்தது, ஆனால் அதை இணைக்க அமைப்புகளுக்குள் போக வேண்டும், போக ரிமோட் வேண்டும். கடைசியில் அலமாரியிலிருந்த பழைய டாங்கிள் கீபோர்டை, ஸ்டிக்கின் மின்சாரத் துளையிலேயே யூஎஸ்பி கருவியையும் சேர்க்க உதவும் ஓடிஜி கம்பி வழியாகச் செருகினேன். அம்பு விசைகள், தேர்வுக்கு என்டர், பின்னே போக எஸ்கேப். பத்து நிமிடத்தில் புது வைஃபையில் ஸ்டிக் ஏறிவிட்டது. புது ரவுட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்திருந்தால் செயலியே உயிர்பெற்றிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

மவுஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிவிச் செயலிகள் ரிமோட்டின் நான்கு திசைப் பொத்தான்களுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. சுட்டி திரையில் தோன்றும், சொடுக்கினால் சில இடங்களில் திறக்கும். ஆனால் சக்கரத்தை உருட்டினால் பல செயலிகளில் பட்டியல் அசையாது. மவுஸுக்கு உண்மையான வேலை இருப்பது பிரவுசரிலும், டிவிக்கென்று எழுதப்படாத செயலிகளிலும்தான். சோபாவில் மவுஸை வைக்கச் சமதளமும் கிடையாது. அதனால் தனி மவுஸ் வாங்குவதைவிட, லாஜிடெக் கே400 பிளஸ் போல டச்பேடும் சேர்ந்த கீபோர்டு எவ்வளவோ மேல். அதுவும் டாங்கிளில் இயங்குவதுதான்.

மாதம் ஒருமுறை கடவுச்சொல் தட்டுவதோடு சரி என்பவர்களுக்குச் செல்போன் செயலி போதும், எதுவும் வாங்க வேண்டாம். தினமும் தேடுபவர், கருவியில் யூஎஸ்பி துளையும் இருக்கிறது என்றால் டச்பேடு வைத்த டாங்கிள் கீபோர்டு. துளையில்லாத ஸ்டிக் என்றால் புளூடூத். ரிமோட் நன்றாக இருக்கும்போதே அதை இணைத்து வைத்துவிடுங்கள். உங்கள் ஸ்டிக் மாடல் ஓடிஜியை ஏற்குமென்றால், அந்தக் கம்பியையும் ஒன்று வாங்கி வையுங்கள். அது மூன்று முனை கொண்டதாக இருக்கட்டும்: ஒன்று ஸ்டிக்குக்கு, ஒன்று டாங்கிளுக்கு, ஒன்று மின்சாரத்துக்கு. அந்த மூன்றாம் முனையை டிவியின் யூஎஸ்பியில் செருகாதீர்கள். யூஎஸ்பி 2.0 துளைக்குரிய அளவு அரை ஆம்பியர்தான், ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் பெரும்பாலும் ஒரு ஆம்பியராவது தரும். டாங்கிளும் சேர்ந்து மின்சாரம் இழுத்தால் ஸ்டிக் பாதியில் அணைந்து அணைந்து எழும்.