அலிபாகா, போர்டியா: திதி பார்த்துத் தேர்ந்த கடற்கரை

மும்பையில் காலையில் கிளம்பி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்படியான கடற்கரைப் பயணம் என்று தேடியபோது, செம்பூரில் இருக்கும் எங்களுக்கு இரண்டு ஊர்களே தேறின: தெற்கே அலிபாக், வடக்கே தஹாணுவை அடுத்த போர்டி. எழுபதைக் கடந்த அம்மாவையும் பத்து வயது, ஆறு வயதுக் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு இரண்டுக்கும் சென்று வந்தாயிற்று. நான் அலிபாக் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவில் போர்டிதான் மலிவு. 2013 முதல் தஹாணு வரை லோக்கல் ரயில் ஓடுகிறது. தாதரில் ஏறினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், பிறகு ஆட்டோ. திரும்பும்போது ரயில் தஹாணுவிலேயே புறப்படுவதால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. அலிபாகுக்கு, தென் மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள மாண்ட்வா வரை படகில் ஒரு மணி நேரம். அங்கிருந்து அலிபாக் செல்லும் பேருந்துக்கும் படகுச் சீட்டே செல்லும். படகைத் தொடர்ந்து பறந்துவரும் கடற்புறாக்களைக் குளிர்காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்ட குழந்தைகளிடம் ரயிலைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஆனால் இந்த இரண்டில் எதற்குப் போவது என்பதைத் தீர்மானிப்பது செலவோ தொலைவோ அன்று. கடல் ஏறி வற்றும் நேரம்தான். மராத்தியில் பர்த்தி, ஓஹோட்டி என்பார்கள். அலிபாகின் சிறப்பே கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கடலுக்குள் நிற்கும் குலாபா கோட்டை. கடல் வற்றியிருக்கும்போது அதற்கு நடந்தோ குதிரை வண்டியிலோ போய்விடலாம், ஏறிவிட்டால் படகுதான். இதை அறியாமல் முதல்முறை ஒரு பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கோட்டையைச் சுற்றிலும் தண்ணீர். அலையில் ஆடும் சிறு படகில் ஏற அம்மா மறுத்துவிட்டார். கொண்டுபோன புளியோதரையைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் கணக்கு புரிந்தது. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் மும்பைக் கடற்கரையில் நண்பகலை ஒட்டிக் கடல் ஏறி நிற்கும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் வற்றியிருக்கும். இந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், பஞ்சமி, சஷ்டி வாக்கில் காலை ஒன்பது, பத்து மணிக்குக் கடல் வற்றுகிறது. முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்துச் செல்லும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் அமையாது. அஷ்டமியன்று நண்பகலில் வற்றும் என்றாலும், அந்த நாள்களில் ஏற்ற இறக்கமே குறைவாதலால் கடல் அவ்வளவு தூரம் பின்வாங்காது. (அஷ்டமியில் அம்மா எப்படியும் கிளம்ப மாட்டார்.) ஆகவே தினசரி நாள்காட்டியில் திதியைப் பார்த்து நாளைக் குறித்துக்கொண்டு, சரியான நேரத்தை, கடல் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையில் சரிபார்த்துவிட்டே இப்போது கிளம்புகிறோம்.

அப்படிச் சென்ற இரண்டாம் முறை, அம்மா குதிரை வண்டியிலும் நாங்கள் ஈர மணலில் நடந்தும் கோட்டைக்குள் போனோம். சிவாஜி கட்டத் தொடங்கிய இந்தக் கோட்டை, பின்னாளில் மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயின் தளமாக இருந்தது. சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்திருக்க உள்ளே ஒரு நன்னீர்க் கிணறு இருப்பது பெரியவனை வியக்க வைத்தது. சின்னவளுக்குச் சக்கரம் வைத்த பீரங்கிகளே போதும். அம்மாவுக்குப் பிள்ளையார் கோயில். மூன்று தலைமுறைக்கும் ஒரே இடத்தில் ஏதாவது கிடைப்பது அரிது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கடல் மறுபடி ஏறுமுன் வெளியே வந்துவிட வேண்டும்.

போர்டிக்கு ஒரே முறைதான் சென்றோம் என்பதால் அதைப் பற்றி அழுத்தமாகச் சொல்லத் தயங்குகிறேன். அமைதியான ஊர், கரையெங்கும் சவுக்கு மரங்கள், உள்ளே சப்போட்டாத் தோப்புகள். தஹாணு கோல்வட் சப்போட்டாவுக்கு 2016இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பை நிறைய வாங்கி வந்தோம். ஆனால் அந்தக் கரை மிகவும் சரிவு குறைந்தது. கடல் வற்றினால் தண்ணீர் வெகுதூரம் போய்விடுகிறது. பந்து விளையாட அருமையான இடம், அலையில் கால் நனைக்க நெடுந்தூரம் நடக்க வேண்டும். அலிபாகில் எங்களுக்கு வேண்டியிருந்த வற்றல் இங்கே இடைஞ்சலாக இருந்தது. எனவே விடுமுறை நாள் பௌர்ணமியிலோ அமாவாசையிலோ வந்து விழுந்தால், நானே போர்டியைத்தான் சொல்வேன்: நண்பகலில் தண்ணீர் அருகில் இருக்கும், அம்மாவுக்குச் சவுக்கு நிழல் உண்டு, மாலையில் விளையாட மணல்வெளி விரிந்துவிடும்.

மழைக்காலத்தில் இரண்டு ஊருக்கும் நாங்கள் போனதில்லை. அப்போது கேட்வே படகுகள் நின்றுவிடும். மும்பையின் இன்னொரு படகுத்துறையான பாவுச்சா தக்காவிலிருந்து காரையும் ஏற்றிச் செல்லும் பெரிய ரோரோ கப்பல் 2020 முதல் மாண்ட்வாவுக்கு ஓடுகிறது. ஆனால் அதில் அக்கரைக்குப் போய்விட்டாலும், கொந்தளிக்கும் கடலில் கோட்டைக்குப் போகும் எண்ணத்தை அந்த மாதங்களில் விட்டுவிட வேண்டியதுதான்.